அடிப்பக்கத் திருகுகள்

உங்கள் மகனுக்கு லேப்டாப் வாங்கப்போவதாகச் சொன்னீர்கள், மேடம். வாங்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், பெட்டியையும் பார்க்காதீர்கள். திருப்பிப் போட்டு அடிப்பக்கத் திருகுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் இறுக்கிய திருகின் தலை மங்கலாக, ஒரே நிறமாக இருக்கும். ஒருமுறை யாராவது கழற்றியிருந்தால், எவ்வளவு பக்குவமான கையாக இருந்தாலும், தலைக்குழியின் ஓரத்தில் ஒரு பளபளப்பு விழுந்திருக்கும். திரையைத் துடைத்துவிடலாம். பெட்டிக்குப் புதிதாகக் கண்ணாடித்தாள் சுற்றிவிடலாம். திருகை மட்டும் பழையபடி ஆக்க முடியாது.

தேநீருக்கு நன்றி. என்னைக் கூப்பிட வந்த சார்ஜன்ட், "மாஸ்டர், உங்க அபிப்பிராயம் மட்டும் போதும்" என்றார். மேசையில் இருக்கும் அந்தப் பையில் உள்ளதைப் பார்த்து, அச்சியாவின் அறையில் தீ எப்படிப் பிடித்தது என்று நான் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் அது கேட்கப்படும் என்றும் சொன்னார். சொல்கிறேன். லேப்டாப் கடைக்காரன் இவான்ஸை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் கடைக் கண்ணாடியை அந்தப் பெண்ணின் உறவுக்காரர்கள் உடைத்துவிட்டார்கள். அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடும் கடைவீதியில் யாரும் தனியாகப் போய் லேப்டாப் வாங்குவதில்லை. தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். குமாசியில் பெரும்பாலும் அந்தத் தெரிந்த ஆள் நான்தான். பாதிரியார் கூப்பிட்டிருக்கிறார், வங்கி மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். நான் கூலி எதுவும் வாங்குவதில்லை, குளிர்ந்த மால்ட் பானம் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன், அவ்வளவுதான். விலை குறைவாக இருக்கும்போது வாங்குகிறவனுக்குத் தூக்கம் போய்விடும். பாதி விலை என்றால் பாதிப் பொருளோ என்று பயம். அந்தப் பயத்தைத் தீர்ப்பதுதான் என் வேலை. "ஓபிரி பார்த்துட்டாரா? அப்போ சரி" என்று ஊரில் சொல்லுவார்கள். என்னிடம் வீடில்லை, நிலமில்லை. அந்த ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

அச்சியாவின் தகப்பன் பொன்சு ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவன். என் ரிப்பேர் கடைக்கு எதிரேதான் ஆள் ஏற்ற நிறுத்துவான். வேனின் பின்கண்ணாடியில் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று எழுதி வைத்திருந்தான். அவனும் அவன் மனைவி மான்சாவும் பிரிந்து பல வருடமாகிறது. பெண் தாயோடு டாஃபோவில் இருந்தாள். நீங்கள் வோல்ட்டாப் பக்கம், உங்களில் பிள்ளை அப்பா வீட்டுக்குச் சொந்தம். எங்கள் அசாந்தியரில் பிள்ளை தாய் வீட்டுக்குச் சொந்தம், தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். தகப்பன் எதைக் கொடுத்தாலும் வெளியாள் கொடுத்த மாதிரி. அதை வாங்கிக்கொண்டால் தாய் வீட்டார் ஒரு பாட்டில் மதுவோடு வந்து, சாட்சி வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கு அசேடா என்று பெயர். அசேடா குடித்துவிட்டால் கொடுத்தவன் திரும்பக் கேட்க முடியாது, வாங்கினவர்கள் திருப்பித் தரவும் முடியாது.

பொன்சு முன்பு ஒருமுறை மகளுக்காக ஒரு டிவி வாங்கிக் கொடுத்தான். அதுவும் தள்ளுபடி விலைதான். அந்த மாதமே படம் போய்விட்டது. பெண்ணின் தாய்மாமன், வோஃபா அடோமாக்கோ, அந்த டிவியின் குடலை உருவிப் போட்டுவிட்டு, உள்ளே வைக்கோல் பரப்பி, கோழியை அடைக்கு உட்கார வைத்தார். வாசலுக்கு நேரே, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற மாதிரி. "இது எங்க மாப்பிள்ளை குடுத்த சேனல். மூணு வாரத்துல குஞ்சு பொரிக்கும்" என்பார். பொன்சு மகளைப் பார்க்கப் போனால் அந்த டிவியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கொஞ்ச நாளில் அவன் போவதையே நிறுத்திக்கொண்டான். மகள்தான் வேன் நிற்கும் இடத்துக்கு வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவாள். முன் இருக்கையில் உட்கார்ந்து இருவரும் வறுத்த வாழைப்பழம் தின்பார்கள். நான் கடையிலிருந்து பார்ப்பேன்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பொன்சு என் கடைக்கு ஓடி வந்தான். இவான்ஸ் கடையில் புது லேப்டாப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள், பெட்டி பிரிக்காதது, வந்து பார்க்க வேண்டும் என்றான். நான் போனேன்.

இவான்ஸ் கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டியை எங்கள் முன்னால்தான் கிழித்தான்.

"பாதி விலைக்கு எவன்டா புதுசைக் குடுப்பான்? என்னமோ இருக்கு இதுல" என்றான் பொன்சு.

"ஐயா, காலேஜ் திறக்கிற சமயம், அதான்" என்றான் இவான்ஸ். "கன்டெய்னர் டெமா துறைமுகத்துல மாட்டிக்கிட்டு இப்பதான் வெளிய வந்துச்சு. எல்லா சரக்கும் ஒண்ணா வந்து குவிஞ்சா நான் தலையிலயா வச்சுக்கிறது? நம்பிக்கை இல்லன்னா விடுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

"துறைமுகத்துல எத்தனை நாள் கிடந்துச்சு?"

"நானா கூடப் படுத்துக் கிடந்தேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்சு சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். திரையைத் திறந்து, விசைகளை ஓட்டி, வேகத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடையில் நிறையப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எடுத்துக்கோ. நல்ல பொருள்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி எடுத்துக் கட்டச் சொன்னார்கள்.

பெட்டிக்குள் திரும்ப வைக்கும்போதுதான் அடிப்பக்கம் என் பக்கம் திரும்பியது. இரண்டு திருகுகளின் தலையில் பளபளப்பு இருந்தது.

நான் வழக்கமாக முதலில் பார்ப்பது அதைத்தான், மேடம். அன்று கடைசியில் பார்த்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இவான்ஸ் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நான் பெட்டியை மூடினேன். திறந்தவர்கள் எதற்காக வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். வெயிலில் கிடந்து செத்துப்போன பேட்டரியை எடுத்துவிட்டு மலிவான ஒன்றைப் போடுவதும் அதில் ஒன்று. சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன் நல்ல பொருள் என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலையிலேயே தாய் வீட்டார் பொன்சுவின் அறைக்கு வந்தார்கள். வோஃபா அடோமாக்கோ நல்ல துணி உடுத்து, ஷ்நாப்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மான்சா பின்னால் நின்றாள். அச்சியா நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். பொன்சு என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அவன் கை என் முழங்கால்மேல் இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, இந்த வாட்டி என்ன சேனல்? என் கோழிக்கு வயசாயிடுச்சு, அது எழுத்து வேலை பாக்காது" என்றார் வோஃபா.

"அண்ணே, வந்த இடத்துல ஆரம்பிக்காதீங்க" என்றாள் மான்சா.

"நான் என்ன ஆரம்பிச்சேன்? புதுசுங்கிறான், பாதி விலைங்கிறான். பாதி விலைக்குப் பழைய பேன்ட்டே கிடைக்காது இந்த ஊர்ல. நான் குடிச்சிட்டு, நாளைக்கு இது பல்லைக் காட்டுச்சுன்னா? குடிச்சதைக் கக்கவா முடியும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர் ஓபிரி. இவன் பேச்சு எனக்கு வேணாம். நீ சொல்லு. உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன், வோஃபா."

"புதுசா?"

"புதுசு."

"நீ சொன்னா நான் குடிப்பேன். தப்பாப் போச்சு, உன் கடை போர்டைக் கழட்டிக் கொண்டுபோய் கோழிக்குக் கூரையாப் போடுவேன். சரியா?"

"போட்டுக்கங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முதல் சொட்டுகளை முன்னோருக்கென்று தரையில் ஊற்றிவிட்டு வோஃபா குடித்தார். பிறகு எனக்கு ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். பொன்சு எழுந்து நின்றான். துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அச்சியா அவன் தோளில் தலையைச் சாய்த்து, "ஏன்ப்பா, இது என்ன கல்யாணத்துல பொண்ணு வீடா அழறதுக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மான்சா வீட்டில் பொன்சுவுக்குச் சாப்பாடு. வோஃபா தானே கோழியைத் தூக்கி அந்த டிவிக் கூட்டை வாசலிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார். பொன்சு திங்கட்கிழமை தவறாமல் வந்து எனக்குச் சொல்லுவான். "நேத்து ஃபுஃபுவுல எனக்கு ரெண்டு மீன் போட்டா மாஸ்டர். ரெண்டு. வோஃபாவுக்கு ஒண்ணுதான்." அவனைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு குடும்பத்தை என் வார்த்தை ஒட்டவைத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த இரண்டு திருகுகளும் எப்போதாவது நினைவுக்கு வரும். வந்தால் வேறு வேலையில் புகுந்துகொள்வேன்.

மழை தொடங்கும் சமயம் அச்சியா என் கடைக்கு வந்தாள். தனியாக வந்தாள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல் தூக்கி வந்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் கரன்ட் சரியாக வரவில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். பேட்டரி காலியாகி லேப்டாப் அணைந்து கிடந்தது. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். பள்ளிக்கு வாங்கும் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

"மாஸ்டர், மேசையில வச்சா ஆடுது" என்றாள். "ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. மூடினாலும் சரியா மூடல. அப்புறம் ஒரு வாசனை."

"என்ன வாசனை?"

"இனிப்பா. நெயில் பாலிஷ் மாதிரி. என் ரூம்மேட் நான் வாங்கிக் கொட்டிட்டேன்கிறா."

நான் அவள் விரல்களைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தன. "நீ போடுறதுதானே?"

"நானும் அதான் நினைச்சேன். ஆனா பூசாதப்பவும் வருது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாதி விலைன்னப்பவே எனக்கு உள்ளுக்குள்ள கிடந்துச்சு மாஸ்டர். கெட்டதுன்னா சொல்லிடுங்க. நான் அப்பாகிட்ட மெதுவா சொல்லிக்கிறேன். அவர் ஒண்ணும் உங்களைச் சொல்ல மாட்டார். வோஃபாவுக்கு மட்டும் தெரிய வேணாம். அப்பா இப்பதான் சிரிக்கிறார்."

இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அவள் எனக்குக் கதவைத் திறந்து பிடித்தாள், மேடம். பத்தொன்பது வயதுப் பெண். யாருக்கும் வலிக்காமல் நான் வெளியே வர வழி செய்து கொடுத்தாள். தலைமையாசிரியர் கையிலிருந்த செய்தித்தாளை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திருப்பிப் போட்டுத் திறந்தேன்.

பேட்டரி வீங்கியிருந்தது. மீன் வயிறு மாதிரி உப்பி, தன் இடத்தைத் தாண்டித் திருகுகள் இறங்கும் குழிகள்வரை பரவியிருந்தது. அந்த வாசனை அதிலிருந்துதான். என் கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய ஒரு இரும்பு வாளி இருக்கிறது, உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். வீங்கின பேட்டரி எதைக் கழற்றினாலும் இடுக்கியால் எடுத்து அந்த மணலில் புதைப்பேன். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அந்த வாளிப் பக்கம் போனால் அடிப்பேன். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், என்மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாடலுக்குப் பேட்டரி குமாசியில் இல்லை. அக்ராவிலிருந்து வரவழைக்க வேண்டும். வரும்வரை லேப்டாப்பை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வைத்துக்கொண்டால் பொன்சு கேட்பான், பொன்சு கேட்டால் வோஃபாவுக்குப் போகும். அசேடா குடித்த பொருள். தலைமையாசிரியர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பேட்டரியை ரகசியமாக வரவழைத்து, பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி அவளைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்ராவுக்குப் போன் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தேன்.

அடிமூடியைத் திரும்ப வைத்தேன். உட்காரவில்லை. உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்தேன். திருப்பி மேசையில் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டேன்.

"என்ன மாஸ்டர், கெட்டதா?"

"மூடி கொஞ்சம் லூசா இருந்துச்சு, இறுக்கிட்டேன். நல்ல பொருள்மா. நீ சாயத்தை இதுகூட ஒரே பையில போடாதே, அந்த வாசனைதான் ஏறியிருக்கு."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விரலால் மூலையைத் தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை என்று சிரித்தாள். "ஐயோ, நான் வேற பயந்து செத்தேன். அப்பாகிட்ட சொல்லியிருந்தா மனுஷன் உடைஞ்சிருப்பார். எவ்வளவு மாஸ்டர்?"

"ஒண்ணும் வேணாம், போ."

கூலி வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

வாசல்வரை போய்த் திரும்பினாள். "சார்ஜ் எப்படிப் போடணும்? கரன்ட் வர்றதும் போறதுமா இருக்கே."

"வந்ததும் போட்டுடு. முழுசா ஏறுற வரைக்கும் எடுக்காதே" என்றேன். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லுவதுதான். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியர் எழுந்து வந்து, "உங்க கை பட்டாலே தனி நம்பிக்கைதான், மாஸ்டர்" என்றார். பள்ளி வேலை எனக்குத்தான் கிடைத்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். முற்றத்தில் பொன்சுவும் வோஃபாவும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் முதல்முறையாகக் கரன்ட் நிலைத்து வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் கத்தினார்கள். அச்சியா கையைக் கழுவிக்கொண்டு, "சார்ஜ் போட்டுட்டு ஓடி வர்றேன்" என்று உள்ளே போனாள். மழைத் தூறல் இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலில் கொஞ்சம் படுத்திருக்கலாம், கண் அசந்திருக்கலாம். கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த மேசையில் லேப்டாப் இருந்தது. ஜன்னலில் திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கம்பிகள். ஃபோம் மெத்தை எரிந்தால் வரும் புகையில் ஒரு ஆள் அதிக நேரம் கூப்பிட முடியாது. அவள் கூப்பிட்டாள் என்று மான்சா சொல்கிறாள். அப்பா என்று கூப்பிட்டாளாம்.

பொன்சு கம்பியைப் பிடித்து இழுத்தான். கம்பி பழுத்திருந்தது. அவன் விடவில்லை. அவன் கைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவனால் இனி வேன் ஓட்ட முடியாது.

அந்தச் செய்தி வந்தபோது நான் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். வேனின் முன் இருக்கையில் வாழைப்பழம் தின்னும்போது சுற்றி வந்த தாளை ஜன்னல் வழியாக என் கடைப் பக்கம் வீசுவதுபோல் பாவனை செய்து சிரிப்பாள். அவள் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பெட்டி மால்ட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் இறந்து ஒரு வாரம் ஆனதும் நடந்த சடங்குக்குப் போனேன். கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊரே உட்கார்ந்திருந்தது. வோஃபா அடோமாக்கோ என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் கழுத்தைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் பொன்சுவிடம் போனார்.

"டிவியில என் கோழி குஞ்சாவது பொரிச்சுது" என்றார். "நீ இப்ப குடுத்ததுல என் பிள்ளையே போயிட்டா. இனி எந்தக் கடைக்குப் போய் எதைடா மலிவா வாங்கப்போற? சவப்பெட்டியா?"

யாரும் அவரைத் தடுக்கவில்லை. மான்சாகூடத் தடுக்கவில்லை. பொன்சு கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகப் பேசினான்.

"பொருள் நல்ல பொருள்தான், வோஃபா. மாஸ்டர் பாத்தார். தீப்பிடிக்கச் சில நாள் முன்னாடிகூட அச்சியா கொண்டுபோய்க் காட்டியிருக்கா, நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கார். மாஸ்டர் பார்வை தப்பாது. விட்டு விட்டு வந்த கரன்ட்டுதான் காரணம். இல்லன்னா என் தலையெழுத்து. நான் தொட்டுக் குடுத்தா எதுவும் விளங்காது."

அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லும்படி பார்த்தான். அவனுக்கு அது தேவையாக இருந்தது. மகளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல பொருள் கொடுத்தோம் என்று யாராவது சொல்ல வேண்டும். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கரன்ட்டுதான்" என்றேன்.

அவன் தலையாட்டினான். அவன் கையைப் பிடித்துக்கொள்ள முடியாததால் தோளைத் தொட்டேன். அன்று அங்கிருந்தவர்களில் அவனுக்கு ஆறுதல் சொன்னது நான் ஒருவன்தான்.

இப்போது அந்தப் பையைப் பிரிக்கலாம். தட்டில் கொட்டுங்கள், பரவாயில்லை, கை சுடாது. இது திரையின் விளிம்பு. இந்தக் கறுப்புத் தகடு விசைப்பலகை. பேட்டரி இருந்த இடம் இது, ஒன்றும் மிச்சமில்லை, வெறும் சாம்பல். பிளாஸ்டிக் உருகிவிடும், இரும்பு உருகாது. இதோ பாருங்கள், திருகுகள். இவற்றைத் தனியாக எடுத்து வைக்கிறேன். எல்லாம் ஒரே அளவு, என் சுண்டுவிரல் நகத்தின் பாதி. தொழிற்சாலை போட்டவை.

இந்த மூன்றும் வேறு. தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம். என் கடையில் தைல டப்பா ஒன்றில் உதிரித் திருகுகள் வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது என்ன நீளம் என்று சொல்லிவிடுவேன். பேட்டரி வீங்கியிருந்ததால் பழைய திருகுகள் எட்டவில்லை. அதனால் இவற்றைப் போட்டேன். இரண்டு சுலபமாக இறங்கின. மூன்றாவது கடைசிச் சுற்றில் மெத்தென்று எதிலோ முட்டியது. முட்டியது பேட்டரியில்தான் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் இன்னும் அரைச் சுற்று திருப்பினேன், ஏனென்றால் அந்த மூலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி காலியாக இருந்ததால் அப்போது ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் ஏறினால் ஆகும். பிறகுதான் அவளைக் கூப்பிட்டு, முழுசா ஏறும்வரை எடுக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

இவான்ஸ் மலிவான பேட்டரி விற்றான், அதற்கு உண்டானதை அவனுக்குக் கொடுங்கள். அச்சியாவைக் கொன்றது அவன் இல்லை. பொன்சுவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது. என் போர்டை வோஃபா வந்து கழற்றிக்கொண்டு போகட்டும்.

ஒன்று மட்டும், மேடம். அந்த லேப்டாப் என் கடையிலிருந்து போனபோது மேசையில் கொஞ்சம்கூட ஆடவில்லை. அதைப் பார்த்த யாராக இருந்தாலும் புதுசு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.